ஜேசிபிக்குப் போன் போடும் முன்: வறண்ட நிலத்தைக் காக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலப் பாதுகாப்பு அமைப்புகளில் வருஷாவருஷம் புதுப் பிள்ளைகள் வேலைக்குச் சேர்கிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் சேர்ந்த புதிதில் நாங்கள் எதையெல்லாம் செய்து திட்டு வாங்கினோமோ, அதையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். தொப்பி போடு, தண்ணீர் எடுத்துக்கொள், பாம்பு பார்த்து நட என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பகல் வெயிலில் நின்றால் தானாகத் தெரிந்துவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏது வறண்ட நிலம் என்று கேட்கிறவர்கள் குலசேகரத்தையும் திற்பரப்பையும் மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் வந்து பாருங்கள். தென்மேற்குப் பருவமழையை மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்ளும்; கணவாய் வழியாக இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் காற்றுதான். அதை நம்பித்தான் சுமார் 1500 மெகாவாட் திறனுக்குக் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அவற்றின் காலடியில் உடைமரம், கள்ளி, ஆவாரை, சங்கஞ்செடி. எங்கள் வேலை அங்கே.

முள் இருந்தாலே சீமைக்கருவேலம் என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இதுதான். சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டதிலிருந்து, முள்மரம் எதைப் பிடுங்கினாலும் புண்ணியம் என்றாகிவிட்டது. சீமைக்கருவேலத்துக்காக நான் வக்காலத்து வாங்க வரவில்லை. வெளிநாட்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த மரம் அது, போன இடத்தையெல்லாம் வளைத்துக்கொண்டது. ஆனால் அதன் பக்கத்திலேயே நிற்கிற உடை நம் மரம். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் அதற்கு வேறு சொந்த ஊர் கிடையாது.

சில வருஷங்களுக்கு முன் ஓர் அமைப்பு, பெயர் வேண்டாம், இந்தப் பக்கம் கொஞ்சம் நிலத்தை எடுத்துக்கொண்டது. மார்ச் முடிவதற்குள் நிதியைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும். ஜேசிபியை இறக்கினார்கள். மணிக்கணக்கில் வாடகை; ஓட்டுகிற தம்பிக்கு எல்லா முள்ளும் ஒன்றுதான். நிலம் கிரிக்கெட் மைதானம் மாதிரி ஆனது. மேற்பார்வைக்கு நின்ற பையன் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் வந்து பிடுங்கிப் போட்ட மரங்களைக் கம்பால் புரட்டிப் பார்த்தார்.

“ஏ மக்கா, இதுல எதுடே சீமை உடை? பாதிக்கு மேல நாட்டு உடையில்லா? கோடையில என் ஆட்டுக்கு உடங்காய நீயாடே கொண்டு வந்து தருவ?”

“பாட்டா, முள்மரத்த எடுக்கணும்னுதான் எங்களுக்குச் சொன்னாங்க” என்றான் பையன்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்து நடந்ததைக் கேளுங்கள். வெட்டவெளியான நிலத்தில் குழி தோண்டி வேம்பும் புங்கனும் நாவலும் வைத்தார்கள். டேங்கர் தண்ணீருக்குப் பணம் இருந்தவரை கன்றுகள் நின்றன. ஆனியில் காற்று பிடித்தது. ஜேசிபி கிளறிப்போட்ட மேல்மண் புழுதியாகக் கிளம்பிப் போனது. சில குழிகளில் கன்றின் வேர் வெளியே தெரிந்தது. ஐப்பசி மழை பெய்ததும் நிலம் பச்சையானது. அமைப்பில் எல்லோருக்கும் சந்தோஷம். குனிந்து பார்த்தால் அத்தனையும் சீமைக்கருவேல நாற்று.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். சீமைக்கருவேல விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காய் இனிப்பாக இருப்பதால் ஆடுமாடு விரும்பித் தின்னும். விதையோ சாணத்திலும் புழுக்கையிலும் சேதமில்லாமல் வெளியே வந்துவிடும். அதற்கு வேண்டியது வெயில் படுகிற, கிளறிய மண். ஜேசிபி அதைத்தான் தயார் செய்து கொடுக்கிறது. இயந்திரம் முறித்துவிட்டுப் போன அடிக்கட்டையும் சும்மா இருக்காது. மண்ணை ஒட்டிய கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகள் உண்டு. ஒரு தண்டு இருந்த இடத்தில் புதராகக் கிளம்பும். நிழல் கொடுத்து மண்ணைப் பிடித்துவைத்திருந்த உடை மட்டும் போனது போனதுதான்.

வித்தியாசம் பார்ப்பது கஷ்டமே இல்லை. வளர்ந்த உடையின் உச்சி தட்டையாகப் படர்ந்திருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். பூ வெள்ளை, சின்ன உருண்டை. காய் சுருண்டிருக்கும். முள் வெள்ளையாக நீண்டிருக்கும். இலை மிகப் பொடி. சீமைக்கருவேலத்தில் பூ மஞ்சள் கதிராகத் தொங்கும். காய் நீளமாக, முற்றினால் வெளிர் மஞ்சளாக இருக்கும். கிளை கோணல்மாணலாகப் போகும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நாட்டுக் கருவேலம். மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்த மாதிரிக் காய். சின்னக் கன்றில் உச்சி வடிவத்தை நம்பாதீர்கள், இலையைப் பாருங்கள். அதிலும் சந்தேகம் என்றால் ஆடு மேய்க்கிறவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அகற்றுவதாக இருந்தால் முதலில் காப்பாற்ற வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண் இளகியிருக்கும்போது ஆட்களை வைத்துக் கடப்பாரையால் கழுத்துக்குக் கீழே தோண்டி எடுங்கள். மொத்தத்தையும் ஒரே வருஷத்தில் எடுக்காமல் பட்டை பட்டையாக விட்டுவிட்டு எடுத்தால் காற்றுக் காலத்தில் மண் நிற்கும். அடுத்த மழைகளில் முளைக்கும் நாற்றைக் கையால் பிடுங்க ஆள் வைக்கப் பட்ஜெட்டில் இப்போதே பணம் ஒதுக்குங்கள். பெரும்பாலான திட்டங்கள் இந்த இடத்தில்தான் கவிழ்கின்றன. மரம் எடுக்கப் பணம் தருகிறவர்கள் நாற்றுப் பிடுங்கத் தருவதில்லை.

தார்ப் பாலைவனத்து வித்தையை அப்படியே இங்கே இறக்குவது

ஜோத்பூரில் 1959 முதல் இயங்கும் காஸ்ரி என்ற வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. மணல்மேட்டில் காய்ந்த புதரைக் கட்டம் கட்டமாக நட்டு, மணல் நகர்வதை நிறுத்திவிட்டு, அப்புறம் செடி வைக்கும் முறை அங்கே பலன் கொடுத்தது. ஜெய்சல்மேரில் வருஷத்துக்கு ஏறக்குறைய 200 மில்லிமீட்டர்தான் மழை. அந்தக் கணக்கு வேறு. நம் கடற்கரை மணல்மேட்டில் அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் ஏற்கெனவே மணலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் களை என்று பிடுங்கிவிட்டுச் சவுக்கு நடுகிறவர்களை என்ன சொல்வது? சவுக்குச் சருகு மூடிய மணலில் அடும்பு திரும்ப ஏறுவது அரிது.

ராஜஸ்தானிலிருந்து எடுத்துக்கொள்வதானால் ஓரண்களை எடுத்துக்கொள்ளுங்கள். சாமிக்கு விட்ட பொது நிலம்; மேயலாம், மரத்தில் கோடாரி படக் கூடாது. 1730இல் கேஜர்லி ஊரில் 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்துக் காத்த கேஜ்ரி மரம் வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் நிற்கும் வன்னிதான். சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம் அது. அதற்கும் முள் உண்டு.

பட்டாவை மட்டும் பார்த்துவிட்டு வேலி போடுவது

இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பழைய பிரமாணங்கள், அதாவது நிலப் பத்திரங்கள், பல மலையாளத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்தவரை உட்காரவைத்து, நாலெல்லையையும் வழிப்பாதையையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆடு போகிற தடத்தை மறித்து வேலி போட்டால் அது ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடும். போக வேண்டியதும்தான். புறம்போக்கு என்றால் அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள், சீமைக்கருவேலமாகவே இருந்தாலும்.

கூலியைப் பாக்கி வைப்பது

சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்துவிடுங்கள்.

காற்றாலைப் பாதை

காவலாளியிடம் சொல்லாமல் வண்டியை விடாதீர்கள்.

மரம் நடும் படம்

எத்தனை கன்று நட்டோம் என்ற படத்தை வைத்து நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு சர்வே கல்லைக் குறித்துக்கொண்டு, அதே கல்லருகே நின்று, அதே திசையில் ஆடியிலும் மாசியிலும் எடுங்கள். ஒரு படத்தில் தரையும் நன்றாகத் தெரியட்டும். ரிப்போர்ட்டில் போட அழகாக இருக்காது; நிதி கொடுத்தவர் கேட்டால் அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.