முடி கொட்டும்போது யார் சொல்வதை நம்புவது?

என் தங்கைக்கு டெங்கு வந்து குணமாகி இரண்டரை மாதம் இருக்கும். திடீரென்று கொத்துக் கொத்தாக முடி கொட்ட ஆரம்பித்தது. குளித்துவிட்டு வந்து, கையில் சுருண்டிருந்த முடியைக் காட்டி அழுதாள். புது ஷாம்பூ, போர்த் தண்ணீர், இரவு வேலை என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். காய்ச்சலை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அதுதான் எப்போதோ போய்விட்டதே! காணொளி ஒன்றில் பார்த்த எண்ணெயை 1,800 ரூபாய் கொடுத்து வாங்கித் தேய்த்தாள். மூன்று மாதத்தில் கொட்டுவது நின்றது. அதன்பிறகு கேட்பவர்களுக்கெல்லாம் அந்த எண்ணெயைத்தான் சொன்னாள்.

அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் எண்ணெய் தேய்க்காமல் இருந்திருந்தாலும் அநேகமாக அதே மூன்று மாதத்தில் நின்றிருக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. முடி விஷயத்தில் நாம் ஏமாறுவதற்குப் பெரும்பாலும் இந்தக் காலக்கணக்கு தெரியாததே காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளரும், அப்புறம் இரண்டு மூன்று மாதம் சும்மா இருக்கும், பிறகு விழும். அந்த வேரிலிருந்து புதியது முளைக்கும். இப்படி ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது போன்ற ஏதாவது உடலை உலுக்கும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அவை விழுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் நமக்குக் காரணம் மறந்துவிடும். மருத்துவர்கள் இதை டெலோஜென் எஃப்ளூவியம் என்கிறார்கள். காரணம் நீங்கிவிட்டால் மூன்று முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

பயம் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் பொருள் வாங்குகிறோம். இந்த வகை உதிர்வில் அதற்குப் பிறகு நடக்கவேண்டியது குறைவது மட்டும்தான். அதனால் அந்த நேரத்தில் எதைத் தேய்த்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. "எனக்குக் கேட்டது" என்று ஒருவர் மனதாரச் சொல்வதை மட்டும் வைத்து ஒரு பொருளை வாங்காதீர்கள். சொல்பவர் நல்லவராக இருக்கலாம், கணக்கு தப்பாக இருக்கலாம்.

என்ன வகை என்று தெரியாமல் மருந்து தேடுவது

"முடி கொட்டுவது நிற்க என்ன செய்யலாம்" என்று தேடுவதே முதல் தவறு. வயிற்றுவலிக்கு ஒரே மருந்து எப்படி இல்லையோ, அப்படித்தான் இதுவும். நெற்றியோரம் ஏறிக்கொண்டே போய் உச்சி தெரிவது, ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கை. பெண்களுக்குப் பொதுவாக வகிடு அகலமாகும். நாணயம் வைத்தது போல வட்டமாக வழவழப்பாகப் போவது புழுவெட்டு. பூச்சிவெட்டு என்றும் சொல்வோம். பெயர்தான் அப்படி, புழுவுக்கும் பூச்சிக்கும் அதில் வேலையில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவதால் வருவது. இறுக்கி இறுக்கிப் பின்னுவதால் காதோரம் முடி போவது வேறு. தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, பிசிஓடி என்று நாம் சொல்லும் சினைப்பைப் பிரச்சினை ஆகியவை வேறு. குழந்தையின் தலையில் செதிலும் அரிப்புமாக முடி உடைந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு எண்ணெயால் பயனில்லை, பூஞ்சைக்கு உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து தேவைப்படும்.

வகை தெரியாமல் தேடினால் எங்கே போய் நிற்போம் என்பதற்குச் சின்ன வெங்காயம் ஒரு நல்ல உதாரணம். "வெங்காயச் சாறு முடி வளர்க்கும், ஆராய்ச்சியே இருக்கிறது" என்கிறார்கள். ஆராய்ச்சி இருப்பது உண்மைதான். 2002-இல் ஈராக்கில் நடந்தது. மொத்தம் 38 பேர். 23 பேர் வெங்காயச் சாறு தடவினார்கள், 15 பேர் குழாய்த் தண்ணீர் தடவினார்கள். சாறு தடவியவர்களில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி வந்தது, தண்ணீர்க் குழுவில் இரண்டு பேருக்கு. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த 38 பேருக்கும் இருந்தது புழுவெட்டு. சின்னத் திட்டாக வரும் புழுவெட்டு பலருக்கும் சில மாதங்களில் தானாகவே ஆறும். பரம்பரை வழுக்கையைப் பற்றி அந்த ஆய்வு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெங்காய எண்ணெய் புட்டி வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ரோஸ்மேரி எண்ணெயின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஈரானில் நடந்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வழுக்கை விழத் தொடங்கிய 100 ஆண்களில் பாதிப்பேர் ரோஸ்மேரியும் பாதிப்பேர் தலையில் தடவும் வழுக்கை மருந்தான மினாக்சிடிலை 2% அளவிலும் ஆறு மாதம் தடவினார்கள். இரண்டு குழுவிலும் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. இதிலிருந்துதான் "ரோஸ்மேரி மினாக்சிடிலுக்குச் சமம்" என்ற பேச்சு வந்தது. எதையும் தடவாத, அல்லது வெற்று எண்ணெய் தடவிய மூன்றாவது குழு அதில் இல்லை. ஆண்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது 5%, ஒப்பிட்டதோ 2%. ரோஸ்மேரி வேலையே செய்யாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு ஆய்வை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள் என்கிறேன். "ஆய்வு சொல்கிறது" என்று யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர், எந்த வகை உதிர்வு, எதோடு ஒப்பிட்டார்கள்?

தேங்காய் எண்ணெய்க்கு வருகிறேன், பாட்டியைத் திட்டுகிறேன் என்று நினைக்கவேண்டாம். முடித்தண்டிலிருந்து புரதம் வெளியேறுவதை அது குறைக்கிறது என்று 2003-இல் மாரிகோ நிறுவனத்தின் விஞ்ஞானிகள் காட்டினார்கள். எண்ணெய் விற்கும் நிறுவனம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படிக்கவேண்டிய ஆய்வு அது. முடி உடையாமல் காப்பது ஒன்று, வேரிலிருந்து புது முடி முளைக்கவைப்பது இன்னொன்று. விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன.

மருந்தைப் பற்றிப் பாதி மட்டும் கேட்பது

மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டக்கூடும். பழைய முடியைத் தள்ளிக்கொண்டு புதியது வருவதால் அப்படி. இதை யாரும் சொல்லாததால் பலர் மூன்றாவது வாரமே பயந்து நிறுத்திவிட்டு, "இருந்ததும் போச்சு" என்று எழுதுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் வேண்டும். நிறுத்தினால் கிடைத்த பலனும் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் கவனம், அது பூனைக்குக் கடும் நஞ்சு.

ஆண்களின் வழுக்கைக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை விஷயத்தில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். "ஆண்மை போய்விடும்" என்பது ஒரு பக்கம், "ஒன்றுமே ஆகாது" என்பது மறுபக்கம். அனுமதிக்கு முன் நடந்த சோதனைகளில் பாலுறவு தொடர்பான ஏதோ ஒரு பக்கவிளைவைச் சொன்னவர்கள் 3.8%. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 2.1%. பெரும்பாலானோருக்கு எதுவும் வருவதில்லை, ஆனால் சிலருக்கு வருகிறது. 2025-இல் ஐரோப்பிய மருந்து முகமை, தற்கொலை எண்ணம் இந்த மாத்திரையின் பக்கவிளைவுகளில் ஒன்று என்று உறுதி செய்தது. மனச்சோர்வு இருந்தவர்கள் மருத்துவரிடம் அதை மறைக்கவே கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடுவதும் கூடாது, வயிற்றிலுள்ள ஆண் குழந்தைக்குப் பாதிப்பு வரலாம். மருந்துக்கடையில் நண்பனின் சீட்டைக் காட்டி வாங்கும் மாத்திரை இல்லை இது.

சத்து மாத்திரை என்றால் பயமில்லை என்று நினைப்பது

முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் இருக்கும் பயோட்டின் ஒரு பி வைட்டமின். அதன் குறைபாடு அரிதான ஒன்று. குறை இல்லாதவருக்கு அதைக் கொடுப்பதால் முடி வளரும் என்பதற்கு நல்ல சான்றில்லை. தொந்தரவு மட்டும் உண்டு: அதிக அளவு பயோட்டின் ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். தைராய்டு முடிவுகள் தவறாக வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் டிரோபோனின் சோதனையில்கூடத் தவறு நேரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும் முன் பயோட்டின் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம் செலினியம் என்ற தாதுச்சத்து. பல "முடிச் சத்து" மாத்திரைகளில் இது இருக்கும். அளவு மீறினால் இதுவே முடியைக் கொட்டவைக்கும். 2008-இல் அமெரிக்காவில் ஒரு சத்து பானத்தில் செலினியம் தவறுதலாகப் பலமடங்கு கலந்துவிட, சுமார் 200 பேர் பாதிக்கப்பட்டார்கள், பலருக்கு முடி கொட்டியது. நம் நாட்டில் 2024 டிசம்பர் கடைசியில் மகாராஷ்டிராவின் புல்டாணா மாவட்டத்தில் ஷேகாவ் பக்கத்துக் கிராமங்களில் சில நாட்களிலேயே ஆட்களின் தலை மொட்டையானது. தண்ணீர், ஷாம்பூ என்று பேச்சுகள் பரவின. பிறகு மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் அங்கே சாப்பிட்ட ரேஷன் கோதுமையைப் பரிசோதித்து, செலினியம் மிகுதியைச் சுட்டிக்காட்டினார்.

கோட்டு போட்டவரெல்லாம் மருத்துவர் என்று நம்புவது

டிரைகாலஜிஸ்ட், அதாவது முடி நிபுணர், என்ற பலகையைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். சில வாரச் சான்றிதழ் படிப்பு முடித்தவரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் தேடவேண்டியது எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல். போன்ற தோல்நோய்ப் பட்டம். பதிவு எண்ணைக் கேட்டு, மருத்துவ கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பாருங்கள். கேட்கக் கூச்சம் வேண்டாம். 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட இளம் மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். முடி நடுவதை உரிய பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்யவேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் எழுதிவைக்கவேண்டிய நிலை வந்தது. "இன்றே பணம் கட்டினால் பாதி விலை" என்று ஓர் இடத்தில் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. வழுக்கையைக் குணப்படுத்துவதாகவோ புது முடி முளைக்கவைப்பதாகவோ எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணை சொல்கிறது. "நிரந்தரத் தீர்வு, நூறு சதவீதம் உத்தரவாதம்" என்று வரும் விளம்பரம் அந்த ஒரு வரியிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சரி, எங்கே படிப்பது? பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்., நியூசிலாந்தின் தோல்நோய் இணையதளமான டெர்ம்நெட், அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் ஆகியவற்றின் பக்கங்களில் எதையும் விற்காமல் விளக்கியிருக்கிறார்கள். ஆங்கிலம் சிரமமென்றால் வீட்டுப் பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். காசு இல்லையென்று தள்ளிப்போடவும் வேண்டாம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல்நோய்ப் பிரிவு இருக்கிறது. தலையில் எரிச்சல், வலி, சீழ் இருந்தாலோ, முடி போன இடம் முடித்துளையே தெரியாமல் தழும்பு போல மினுங்கினாலோ ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். அந்த வகையில் வேர் அழிந்துவிடும், போனது திரும்பாது.

போகும்போது ஒரு தாளில் கடந்த ஆறு மாதத்தை எழுதி எடுத்துப்போங்கள்: என்ன காய்ச்சல், என்ன மருந்து, எடை எவ்வளவு குறைந்தது, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வீட்டில் யாருக்கு வழுக்கை. மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், காய்ந்த முடியில், ஒரே மாதிரி வகிடெடுத்துப் படம் எடுத்து வையுங்கள். ஈரத் தலையில் "முன்" படமும், காயவைத்துச் சீவிய தலையில் "பின்" படமும் எடுத்தால் மருந்தே இல்லாமல் முடி வளர்ந்தது போலக் காட்டலாம். தங்கையின் படங்களை இப்படி மறுபடி தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோதுதான், எண்ணெய் வீட்டுக்கு வந்த வாரத்துக்கு முன்பே அவள் நெற்றியோரம் குட்டி முடிகள் முளைத்திருந்தது எங்களுக்குத் தெரிந்தது.