நாஸ் பெட்டியை லினக்ஸில் இணைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் துணை மின்நிலையப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளில்தான், வீட்டு ஊடகச் சேவையகம் சரியாக அமைக்கப்பட்டிருக்கிறதா என்பது தெரியவரும். மின்சாரம் திரும்பியதும் எஸ்எஸ்டி பொருத்திய லினக்ஸ் கணினி முதலில் எழுந்துவிட, வன்தட்டுகள் சுழன்று சேவைகள் தொடங்க வேண்டிய நாஸ், அதாவது வீட்டுப் பிணையத்தில் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் பெட்டி, பிந்தியே தயாராகிறது. இந்த இடைவெளியைக் கருதாமல் எழுதிய எஃப்எஸ்டேப் (எந்தச் சேமிப்பகத்தை எந்தக் கோப்புறையில் இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) வரியே பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர்.

அந்த வரியில் '_நெட்டெவ்' என்ற தெரிவைச் சேர்த்தால் போதும் என்று பலர் நம்புகின்றனர். அது கணினியின் பிணைய இணைப்புக்காகக் காத்திருக்குமே தவிர, மறுமுனையில் நாஸ் விழித்துவிட்டதா என்று பார்க்காது. என்எஃப்எஸ், சிஐஎஃப்எஸ் இரண்டும் பிணையக் கோப்பு முறைமைகள் என்பதை லினக்ஸின் தொடக்க மேலாளரான சிஸ்டம்டி தானாகவே அறியும் என்பதால், அவற்றுக்கு இந்தத் தெரிவு பெரும்பாலும் மிகை. 'நோஃபெயில்' சேர்த்தால் கணினி தடையின்றித் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் முதல் முயற்சி தோற்றால் மறுமுயற்சி நடக்காது, மவுண்ட் புள்ளி, அதாவது நாஸின் கோப்புகள் தோன்ற வேண்டிய இடம், வெற்றுக் கோப்புறையாகவே கிடக்கும்.

அந்த வெற்றுக் கோப்புறைதான் உண்மையான ஆபத்து. பிளெக்ஸ் போன்ற ஊடகச் சேவையக மென்பொருளில் ஒவ்வொரு நூலக ஸ்கேனுக்குப் பின்னும் குப்பையைத் தானாகக் காலி செய்யும் தெரிவு இயங்கினால், படங்கள் நீக்கப்பட்டுவிட்டதாகக் கருதிப் பட்டியலிலிருந்தே அவற்றை அது அழித்துவிடக்கூடும். பதிவிறக்க மென்பொருளோ, நாஸுக்குப் போக வேண்டிய கோப்புகளைக் கணினியின் சொந்த வட்டிலேயே எழுதிவிடும். பின்னர் மவுண்ட் ஆனதும் அவை அதன் அடியில் மறைந்துபோகும். வட்டு நிறைந்துவிட்டதாக, வட்டின் மொத்த இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளை சொல்லும், கோப்புறைகளின் அளவைக் கூட்டும் 'டியூ' கட்டளையோ மறைந்த கோப்புகளைக் காட்டாது. காரணம் தெரியாதவர் புது வட்டே வாங்கிவிடுவார்.

இதற்கு 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்' என்ற தெரிவையே பரிந்துரைப்பேன். கோப்புறையை யாரேனும் திறக்கும்போதுதான் இணைப்பு முயலப்படும். நாஸ் எழவில்லையெனில் வெற்றிடத்துக்குப் பதிலாகப் பிழைச் செய்தி வரும், அடுத்த முறை திறக்கும்போது மீண்டும் முயலப்படும். கூடுதல் காப்பாக, மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் கோப்புறைக்கு, அதை மாற்ற முடியாததாக்கும் 'சிஎச்ஏடிடிஆர் +ஐ' கட்டளையை இட்டுவிட்டால், முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனரும் அதில் எழுத இயலாது. படம் பார்க்க மட்டுமே பயன்படும் பகிர்வை 'ஆர்ஓ', அதாவது படிக்க மட்டும், என்றே இணைக்கலாம்.

நாஸின் ஐபி முகவரியை ரவுட்டரில் நிலையாக ஒதுக்கிவைக்க வேண்டும். நீண்ட மின்தடைக்குப் பின் முகவரி மாறினால் எந்தத் தெரிவும் உதவாது. எஃப்எஸ்டேப் கோப்பை எல்லாப் பயனரும் படிக்க முடியும் என்பதால், சிஐஎஃப்எஸ் இணைப்புக்கான கடவுச்சொல்லை 600 அனுமதியுடைய (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் கூடிய) தனிக் கோப்பில் வைப்பதே முறை. தமிழில் பெயரிட்ட கோப்புகள் சிஐஎஃப்எஸ் இணைப்பில் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் 'ஐஓகேர்செட்=யூடிஎஃப்8' சேர்க்கவும்.

என்எஃப்எஸ் இணைப்பில் வேறொரு குழப்பம் உண்டு. வழக்கமான அமைப்பில் அது பயனர் பெயரை அல்ல, பயனர் எண்ணையே ஒப்பிடுகிறது. ஆகவே இரு புறமும் 'ஜெல்லிஃபின்' என்ற பயனர் இருந்தும் எண்கள் வேறானால் அனுமதி மறுக்கப்படலாம். அங்கே எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 அனுமதி இட்டுச் சமாளிப்பதை விட, எண்களை ஒன்றாக்குவதே சரி.

எஃப்எஸ்டேப்பைத் திருத்தியதும் 'ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை' இயக்கிப் பிழைகளைப் பாருங்கள். பிறகு நாஸை அணைத்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்து, ஐந்து நிமிடம் கழித்து நாஸை இயக்குங்கள். கட்டளை எதுவும் தட்டாமலே படம் ஓட வேண்டும்.