காட்பாடியிலிருந்து ஒரு காலை, கேமராவுடன்

காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் காலை ஆறரைக்குள் ஏறிவிடுங்கள். வலப்பக்க ஜன்னல்தான் நல்லது; வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பாலாற்று மணல் பொன்னிறமாகத் தெரியும். பஸ் குலுங்கும் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் கீழே குறைக்காதீர்கள். கண்ணாடியில் லென்ஸைச் சாய்க்கவும் கூடாது. அதிர்வு படத்தில் இறங்கிவிடும்.

வேலூர்க் கோட்டை அருகே இறங்குங்கள். அதன் வாசல் கிழக்கு நோக்கியது. காலையில் கருங்கல் மதில் முழுவதும் ஒளி விழும், அகழி நீரில் தலைகீழாக இன்னொரு கோட்டை நிற்கும். மாலையில் வந்தால் இது கிடைக்காது.

அங்கிருந்து நேதாஜி மார்க்கெட்டுக்கு நடையே போதும். சாமந்திக் குவியலுக்கு, நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை (white balance) தானியங்கியில் விடாதீர்கள், மஞ்சள் வெளிறிப்போகும்.

எனக்கு உயிர், குயவர்கள் வாழும் கொசப்பேட்டைதான். போன கார்த்திகைக்கு முன்பு அங்கே ஒரு பாட்டி அகல் விளக்கின் மூக்கைக் கட்டைவிரலால் ஒரே அழுத்தில் வளைத்தார். ஈரமண்ணில் ரேகை அப்படியே பதிந்தது. அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிய பிறகே, “எடுக்கட்டுமா பாட்டி?” என்று கேட்டேன். “கையை மட்டும் எடுப்பா” என்றார். கையை மட்டுமே எடுத்தேன். அடுத்த வாரம் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீங்களும் கொடுங்கள்.