இதயப் படத்தில் எங்கே சொதப்புகிறோம்?

கோபியில் நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். வருஷா வருஷம் பிள்ளைகள் மாறுகிறார்கள், தப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் இடம் வலம். படத்தில் நம் இடது கைப்பக்கம் இருக்கும் கீழறைக்கு ‘இடது வெண்ட்ரிக்கிள்’ (வெண்ட்ரிக்கிள் என்றால் ரத்தத்தை வெளியே தள்ளும் கீழறை) என்று எழுதிவிடுவார்கள். எதிரே நிற்கிற ஆளின் நெஞ்சைத்தான் பார்க்கிறோம் கண்ணு, அவருக்கு எது வலதோ அதுதான் வலது. இதில் சறுக்கினால் அப்புறம் வால்வு, குழாய் எல்லாமே வரிசையாகத் தப்பு.

அடுத்தது கலர் பென்சில் செய்கிற வேலை. தமனி என்றால் சிவப்பு என்று மனப்பாடம் செய்துவிட்டு, நுரையீரல் தமனிக்கும் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு அடிக்கிறார்கள். “ஏனுங்க மிஸ், தமனின்னா நல்ல ரத்தம்தானுங்களே?” இல்லை. இதயத்தை விட்டு வெளியே போனால் தமனி, உள்ளே வந்தால் சிரை, ஆக்சிஜன் வேறு கணக்கு. வலது வெண்ட்ரிக்கிளில் இருந்து நுரையீரலுக்குப் போகிற ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, அதனால் அந்தத் தமனிக்கு நீலம், திரும்பி வரும் 4 சிரைகளுக்கும் சிவப்பு. (நீலம் என்பதே படத்துக்குத்தான், உள்ளே ஓடுவது அடர்சிவப்பு.)

பெருந்தமனி, அதாவது இடது வெண்ட்ரிக்கிளில் இருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், அதன் வளைவில் 3 கிளைதான். வலக்கைக்கும் கழுத்தின் வலப்பக்கத்துக்கும் போவது ஒரே அடிமரமாகக் கிளம்பிப் பிறகு பிரியும், இடப்பக்கம் இரண்டும் தனித்தனி. அழகுக்காக 4 ஆக்க வேண்டாம்.

பெரிய குழப்பம் கரோனரி தமனியில், அதாவது இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் தமனியில். இதயத்துக்குள் எந்நேரமும் ரத்தம் இருக்கிறதே, தசை அதையே எடுத்துக்கொள்ளும் என்று நினைத்து, சிலர் அதை வெண்ட்ரிக்கிளுக்குள்ளிருந்தே கிளப்பி வரைகிறார்கள். கீழ்பவானி வாய்க்கால் தோட்டத்தை ஒட்டியே ஓடினாலும் கசிவில் ஓரம்தான் நனையும், மஞ்சள் விளைய மதகு திறக்க வேண்டும். இதயத்திலும் உள்சுவரின் மெல்லிய அடுக்குக்குத்தான் அந்தக் கசிவு. தடித்த தசைக்கு மதகு, பெருந்தமனி வால்வுக்குச் சற்று மேலே இருக்கும் இரண்டு ஓட்டைகள், கரோனரி தமனிகள் கிளம்புவது அங்கேதான்.

நம்பவில்லையா, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் “மேல் குழாயை அறுக்காம குடுங்கண்ணா” என்று சொல்லி ஓர் ஆட்டு இதயம் வாங்குங்கள். அமுக்கினால் வலப்பக்கம் குழையும், இடப்பக்கம் கெட்டியாக நிற்கும். பெருந்தமனியை நீளவாக்கில் கீறி, வால்வு இதழுக்கு மேலே ஈர்க்குச்சியால் துழாவுங்கள். சுவரில் ஓர் இடத்தில் குச்சி சட்டென்று உள்ளே போகும், வெளியே திருப்பிப் பார்த்தால் கொழுப்புக்கு அடியில் அதன் முனை நகர்வது தெரியும்.