பொய்ச் செய்திக்கு எதிரான பன்னாட்டுப் பரிமாற்றம்: பத்திரிகையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொய்ச் செய்திகளை எதிர்கொள்ளக் கற்றுக்கொள்ள வெளிநாடு போகும் பத்திரிகையாளர்கள் பலர், கருவிகளின் பட்டியலோடு மட்டும் திரும்பி விடுகிறார்கள். கருவிகள் நிலைப்பதில்லை. ஒரு பதிவு எப்படிப் பரவுகிறது என்று பார்க்கச் செய்தியாளர்கள் பெரிதும் நம்பியிருந்த கிரவுட்டேங்கிள் என்ற கருவியை, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடிவிட்டது.

கேட்டு வாங்கி வர வேண்டியது, சக செய்தியாளர் யோசிக்கும் விதத்தை. 2022 பிப்ரவரியில், ‘கீவின் பேய்’ எனப்பட்ட உக்ரைன் விமானி ரஷ்ய விமானத்தைச் சுட்டு வீழ்த்துவதாக ஒரு காணொளி பரவியது. அது டிசிஎஸ் என்ற கணினி விளையாட்டில் உருவானது. யூடியூபில் அதைப் பதிவேற்றியவரே குறிப்பில் அப்படித்தான் எழுதியிருந்தார். பகிர்வுகளைத் தாண்டி மூலப் பதிவைத் தேடிப்போய்க் குறிப்பைப் படித்தாலே விடை கிடைத்திருக்கும். இப்படி ஒரு சம்பவத்தை எடுத்து, முதலில் எதைப் பார்த்தீர்கள், எந்த இடத்தில் சந்தேகம் வந்தது என்று துருவிக் கேளுங்கள்.

அடுத்த தவறு, அங்கே வென்ற முறையை அப்படியே இங்கே நடுவது. தைவானின் கோஃபேக்ட்ஸ் என்ற சரிபார்ப்புத் திட்டத்தில், சந்தேகமான தகவலை மக்கள் லைன் என்ற குறுஞ்செய்திச் செயலியில் உள்ள தானியங்கி உரையாடல் நிரலுக்கு அனுப்புகிறார்கள். தன்னார்வலர்கள் சரிபார்த்துப் பதில் எழுதுகிறார்கள். அங்கே பெரும்பாலோர் லைனில் இருப்பதால் அது வேர் பிடித்தது. வேறு செயலி, வேறு பழக்கம் உள்ள நாட்டில் அதே வடிவம் எடுபடாது. ஆனால், ‘வாசகரே தகவலைக் கொண்டுவரட்டும்’ என்ற எண்ணம் எங்கும் செல்லும். பிரேசிலில் 2018இல் தொடங்கிய கம்ப்ரோவா என்ற கூட்டுச் சரிபார்ப்புத் திட்டத்தில், போட்டிப் பத்திரிகைகள் ஒன்றின் சரிபார்ப்பை மற்றொன்று பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியிட்டன. இரண்டு செய்தி அறைகள் மட்டும் சேர்ந்தாலும் இதைத் தொடங்கிவிடலாம்.

என்னைப் பொறுத்தவரை மன்னிக்க முடியாத தவறு ஒன்று உண்டு: பரிமாற்றத்தில் எடுத்த குழுப் படத்தை இடக்குறிப்போடு உடனே பகிர்வது. அந்தப் படத்தில் இருக்கும் ஒருவர் ஊர் திரும்பியதும் விசாரணைக்கு அழைக்கப்படலாம். சாத்தம் ஹவுஸ் விதிப்படி நடக்கும் அமர்வில் கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம்; சொன்னவரையோ அவர் சார்ந்த அமைப்பையோ காட்டிக்கொடுக்கக் கூடாது. விதி அறிவிக்கப்படாத இடத்திலும் கேட்டுவிட்டுப் பகிருங்கள்.

வெறும் கேட்பவராக உட்கார்ந்திருக்காதீர்கள். உங்கள் நாட்டில் பரவும் வதந்திகளின் மாதிரிகளை எடுத்துப் போங்கள். அதே படம் வேறு மொழியில் வேறு கதையோடு சுற்றுவதை எதிரில் இருப்பவர் அடையாளம் காணக்கூடும்.

அங்கிருந்து கிளம்புவதற்கு முன், நள்ளிரவில் தெரியாத மொழியில் ஒரு காணொளி வந்தால் யாரை அழைப்பது, எந்தப் பாதுகாப்பான செயலியில் அழைப்பது என்று பேசி முடிவு செய்துவிடுங்கள்.