வீட்ல யாராச்சும் கிஃப்ட் கார்டுல ஏமாந்துட்டா உடனே பண்ண வேண்டியது, பேசக்கூடாதது

நான் கும்பகோணம் பக்கம் ஒரு இ-சேவை மையத்துல வேலை பாக்குறேன். பட்டா, வருமானச் சான்றுன்னு வர்ற கூட்டத்துக்கு நடுவுல சைபர் கிரைம் புகார் டைப் பண்ணிக் குடுக்கச் சொல்லியும் ஆளுங்க வர்றாங்க. அதுல பாதிப் பேரு ரொம்ப லேட்டாதான் வர்றாங்க, காரணம் கேட்டா வீட்ல திட்டுவாங்கன்னு பயந்து சொல்லாமலே இருந்தேம்பாங்க. அந்தப் பயத்துலயே மீட்க முடிஞ்ச பணமும் போயிடுது, அதனால ஏமாந்தவங்களுக்கு மட்டுமில்லாம அவங்க வீட்ல இருக்கிற அண்ணன், புருஷன், மவன், மருமவ எல்லாருக்கும் சேத்துதான் இதை எழுதுறேன்.

மொதல்ல இது எப்படி நடக்குதுன்னு பாத்துடலாம். புது நம்பர்லேருந்து வாட்ஸ்அப் வரும், டிபியில நம்ம தாளாளர், மேனேஜர், கலெக்டர்னு தெரிஞ்ச மொகம் இருக்கும். "மீட்டிங்ல இருக்கேன், போன் எடுக்க முடியாது, அவசரமா கிஃப்ட் கார்டு வேணும், வாங்கி கோட் அனுப்புங்க, சாயங்காலம் பணம் தந்துடறேன்" அவ்ளோதான். கிஃப்ட் கார்டுங்கிறது காசு கட்டி வாங்குற கூப்பன் மாதிரி, அதுல வர்ற கோட் யாரு கையில இருக்கோ அவங்க அந்தக் காசுக்குப் பொருள் வாங்கிக்கலாம். 2022ல தமிழ்நாட்டு டிஜிபியா இருந்த சைலேந்திர பாபு போட்டோவையே வச்சு கிஃப்ட் கார்டு கேட்டு மெசேஜ் போச்சு, போலீஸ் தலைவர் மொகத்தையே தைரியமா வைக்கிறவனுக்கு நம்ம ஊரு ஹெட்மாஸ்டர் மொகம் எம்மாத்திரம்.

ஏன் கிஃப்ட் கார்டு கேக்குறான்னா, பேங்க் அக்கவுண்ட்டுக்குப் பணம் போட்டா ஆள் யாருன்னு ஒரு தடம் இருக்கும், இதுல 16 எழுத்தோ 14 எழுத்தோ ஒரு கோட் கையில கிடைச்சா போதும், அதை எங்கேயோ ஒரு அக்கவுண்ட்ல ஏத்திடுவான், இல்ல பாதி விலைக்கு வித்துடுவான். இங்க ரிசர்வ் பேங்க் விதிப்படி ஒரு கிஃப்ட் கார்டுல 10,000 ரூபாய்க்கு மேல போட முடியாது, அதான் "நாலு வாங்குங்க, அஞ்சு வாங்குங்க"ன்னு எண்ணிக்கையில கேப்பான். அந்த எண்ணிக்கையைப் பாத்தாலே உஷாராயிடணும்.

சரி, கோட் அனுப்பியாச்சு, ஏமாந்துட்டோம்னு இப்பதான் தெரியுது. அந்த நிமிஷமே பண்ண வேண்டியது இதுதான்.

சாட்டை அழிக்காதீங்க. நம்பர் தெரியுற மாதிரி, டிபி தெரியுற மாதிரி, மொத மெசேஜ்லேருந்து கடைசி வரைக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க, டிபியை அவன் எப்ப வேணா மாத்திடுவான். வாட்ஸ்அப்ல ரிப்போர்ட், பிளாக் எல்லாம் அதுக்கப்புறம், அப்பவும் சாட்டும் சேந்து அழியாம பாத்துக்கங்க.

அடுத்து கார்டு கம்பெனி. இதைத்தான் நிறைய பேரு விட்டுடறாங்க. நீங்க காசு கட்டினது நெசமான கடைக்கு, அதனால பேங்க்குல போய்ப் பாத்தா பணம் ஒழுங்கான இடத்துக்குதான் போயிருக்கும், திருடன் கைக்குப் போனது கோட் மட்டும்தான். அந்தக் கோட்டை அவன் இன்னும் யூஸ் பண்ணலைன்னா கம்பெனி நெனச்சா அதை முடக்க முடியும், யூஸ் பண்ணிட்டா கஷ்டம். அதனால ஆர்டர் ஐடி, கார்டு நம்பர், கோட் வந்த மெயில் எல்லாத்தையும் எடுத்து வச்சுகிட்டு கம்பெனி ஆப்புக்குள்ளயே இருக்கிற ஹெல்ப் பக்கத்துல போய்ப் பேசுங்க. கஸ்டமர் கேர் நம்பரை கூகுள்ல தேடவே தேடாதீங்க, அங்கயும் இவனுங்க போலி நம்பர் போட்டு வச்சிருப்பானுங்க.

அதே நேரத்துல வீட்ல இன்னொருத்தர் சைபர் கிரைம் உதவி நம்பரான 1930க்கு போன் போடணும், லைன் கிடைக்கலைன்னா விடாம அடிங்க. பணம் கட்டின தேதி, நேரம், எந்த பேங்க், யுபிஐன்னா பணம் போனதுக்கு அடையாளமா வர்ற 12 இலக்க யுடிஆர் நம்பர், அவனோட வாட்ஸ்அப் நம்பர், கூடவே கார்டு விவரமும் சொல்லுங்க, வெறும் யுடிஆர் மட்டும் குடுத்தா விசாரணை கடையோட நின்னுடும். லைன் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்காம cybercrime.gov.inங்கிற அரசு வெப்சைட்லயும் புகாரைப் போட்டுடுங்க. ஒப்புகை நம்பர் ஒண்ணு தருவாங்க, அதை பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க.

எனிடெஸ்க் மாதிரி, தூரத்துலேருந்தே நம்ம போனை இயக்க விடுற ஆப் ஏதாச்சும் ஏத்தச் சொல்லி ஏத்தியிருந்தா நெட்டை ஆஃப் பண்ணிட்டு அதை எடுத்துடுங்க, பாஸ்வேர்டெல்லாம் வேற போன்லேருந்து மாத்துங்க.

இதெல்லாம் கையால பண்ற வேலை, இதை விடக் கஷ்டமானது வாயால பண்றது.

ஒரு டீச்சர் வந்தாங்க, உதவி பெறும் பள்ளிக்கூடத்துல வேலை. தாளாளர் படம் போட்டு மெசேஜ், 10,000 ரூபாய் கார்டு நாலு. வரிசையில நிக்கிறவங்க பாத்துடக்கூடாதுன்னு போனைப் பொடவையோட அணைச்சுப் புடிச்சுகிட்டு நின்னாங்க, அவங்க முறை வந்தும் தனக்குப் பின்னாடி இருந்தவங்களைப் போகச் சொல்லிட்டுக் கடைசியா உக்காந்தாங்க. சாட்டைக் காட்டுங்க டீச்சர்னா, அழிச்சுட்டேன் தம்பின்னாங்க. வீட்டுக்காரர் மாமியார் முன்னாடியே "படிச்சவளா நீ"ன்னு கேட்டுட்டாராம், அந்த மெசேஜைப் பாக்கவே முடியல, அழிச்சுட்டேன்னாங்க. ஆதாரம் போயிடுச்சு. மெயில்ல கார்டு விவரம் இருந்துச்சு, அதை வச்சுதான் புகாரை எழுதினோம், ஆனா அதுக்குள்ள நாலு கோடும் யூஸ் ஆயிடுச்சு.

அவங்க மேல என்ன தப்பு சொல்றது? பெரியவங்க கேட்டா மறுக்கக்கூடாதுன்னு வளந்தவங்க, தாளாளர் நம்மள நம்பிக் கேக்குறாரேன்னு நெனச்சாங்க. அந்த மரியாதையைத்தான் அவன் திருடுறான். வாய்க்கால் கரை உடைஞ்சா மொதல்ல மண்ணைப் போட்டு அடைப்போமா, யாரு கவனிக்கலன்னு நின்னு சண்டை போடுவோமா? இங்க மட்டும் ஏன் சண்டையில ஆரம்பிக்கிறோம்.

படிப்பும் காசும் இருந்தா ஏமாறமாட்டாங்கன்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2024ல லூதியானாவுல வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், 82 வயசு, பெரிய ஜவுளித் தொழிலதிபர், போலி சுப்ரீம் கோர்ட் விசாரணையை வீடியோ கால்ல காட்டி அவருகிட்டேருந்தே 7 கோடி புடுங்கிட்டானுங்க. அது கிஃப்ட் கார்டு இல்ல, போலீஸ், கோர்ட்டுன்னு நடிச்சு வீடியோ கால்லயே கைது பண்ணிட்டோம்னு மெரட்டுற டிஜிட்டல் அரெஸ்ட், ஆனா பயமுறுத்தி அவசரப்படுத்துற வித்தை ஒண்ணுதான். அவரு புகார் குடுத்தாரு, போலீஸ் 5 கோடிக்கு மேல மீட்டுச்சு. அமெரிக்காவுல 2023ல மட்டும் கிஃப்ட் கார்டு வழியா 21 கோடி டாலருக்கு மேல போயிருக்குன்னு அந்த ஊரு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசிக்கு வந்த புகார்லேருந்தே தெரியுது, மன்னார்குடி, பாபநாசத்துலேருந்து போய் அங்க செட்டிலான நம்ம பசங்களும் ஜாக்கிரதையா இருக்கணும்.

அதனால வீட்ல யாராச்சும் வந்து சொன்னா "எவ்ளோ போச்சு"ன்னு மொதல்ல கேக்காதீங்க. "சொன்னது நல்லதுப்பா, வா பாத்துக்கலாம்"னு சொல்லுங்க, அப்புறம் "எப்ப அனுப்புன, போனைக் குடு"ன்னு வேலையில எறங்குங்க. அக்கம்பக்கத்துல சொல்லணுமா வேணாமாங்கிறதை அவங்களே முடிவு பண்ணட்டும், சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல பேரு போட்டுப் பரப்பாதீங்க. ஆனா யாரு போட்டோவை வச்சு ஏமாத்தினானோ அவருக்கு மட்டும் உடனே தகவல் போகணும், ஏன்னா அதே மெசேஜ் இந்நேரம் மத்த ஸ்டாஃபுக்கும் போயிட்டிருக்கும்.

ராத்திரி கொஞ்சம் கவனிச்சுக்கங்க. சாப்புடலன்னா கூட உக்காருங்க, தனியா விடாதீங்க, குறுவைக்கு வச்சிருந்த காசு, பொண்ணு கல்யாணத்துக்கு சீட்டுப் போட்ட காசுன்னா மனசு என்னென்னமோ நெனைக்கும்.

இனிமே வராம இருக்க ஒரே பழக்கம் போதும், பணமோ கார்டோ யாரு கேட்டாலும் ஏற்கெனவே சேவ் பண்ணின அவங்க பழைய நம்பருக்குக் கூப்பிட்டுக் குரலைக் கேட்டுட்டுதான் கை வைக்கணும். "பேச முடியாது, யாருகிட்டயும் சொல்லாத"ன்னா அது அவன்தான்.

புகார் குடுத்து கொஞ்ச நாள்ல "சைபர் கிரைம்லேருந்து பேசுறோம், உங்க பணம் வந்துடுச்சு, பீஸ் கட்டுனா ரிலீஸ் பண்ணிடுவோம்"னு ஒரு போன் வரலாம். பணத்தை மீட்டுத் தர போலீஸ் பீஸ் வாங்க மாட்டாங்க, ஒரு தடவை ஏமாந்தவங்க நம்பரை வச்சுகிட்டுத் திரும்ப வர்றவன் அவன். புகார் என்ன ஆச்சுன்னு கேக்கணும்னா ஒப்புகை நம்பரை எடுத்துகிட்டு மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு நேராவே போங்க, ஏமாந்தவங்களைத் தனியா அனுப்பாம வீட்ல ஒருத்தர் கூடப் போங்க.