நாள்பட்ட கவலையை எழுதும்போது செய்யும் தவறுகள்

கதை எழுதப் பழகும் நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: 'ஆறு மாதமாகக் கடன் கவலை. முகம் பேயறைந்தது போல இருந்தது.' பேய் அறைவது ஒரு நொடி வேலை. ஆறு மாதக் கவலைக்கு அது எப்படிப் பொருந்தும்?

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். முகம் வெளிறுவது பயத்தில், சுண்டிப்போவது ஏமாற்றத்தில். இரண்டும் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சரியாகிவிடலாம். வாடுவது, களையிழப்பது, ஒடுங்குவது எல்லாம் நாள் எடுப்பவை. பசலையும் நாள்பட்டதுதான், ஆனால் அது பிரிவுத் துயரின் நிறம். கடன்பட்டவர் மேல் பூசினால் சிரிப்பு வரும்.

அப்புறம் முடி. 'ஒரே இரவில் தலை நரைத்துவிட்டது' என்று எழுதாதீர்கள். வெளியே வளர்ந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது. நிறம் சேர்வது வேரில்தான். மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். அதனால் சாயம் பூசும் பழக்கமுள்ளவரைக் கதையில் வைத்தால் வசதி. கவலையில் சாயத்தை மறந்து மூன்று மாதம் ஆனால், வகிட்டின் இருபுறமும் வெள்ளையாக இருக்கும், அதற்கப்பால் கறுப்பு. எத்தனை நாளாகக் கண்ணாடி பார்க்கவில்லை என்பதை அந்த வெள்ளையை வைத்தே சொல்லிவிடலாம். முடி கொட்டுவதும் உடனே நடக்காது. பெரிய அடி விழுந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பில் கொத்தாக வரும். ஜனவரியில் கடையை மூடியவருக்கு அது மார்ச், ஏப்ரல் சமாச்சாரம்.

'துரும்பாய் இளைத்தார்' என்பது தேய்ந்துபோன வரி. சங்கப் புலவர்கள் வளை கழல்வதைக் காட்டினார்கள். அதையும் இன்று அப்படியே எடுத்துப் போட முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் கல்யாண மோதிரம் நழுவாமல் இருக்க அடியில் வெள்ளை நூல் சுற்றியிருந்தார். அடுத்த முறை பார்த்தபோது அந்த நூல் அழுக்கேறியிருந்தது, அதன் மேல் புதிதாக இன்னொரு சுற்று. எல்லாரும் இளைப்பதும் இல்லை. ராத்திரி தூக்கம் வராமல் எதையாவது தின்று ஊதிப்போகிறவர்களும் உண்டு.

கருவளையம், குழி விழுந்த கண், ஒட்டிய கன்னம், பத்து நாள் தாடி என்று எல்லாவற்றையும் ஒரே முகத்தில் ஏற்றினால் மேக்கப் போட்டதுபோல ஆகிவிடும். இரண்டு போதும். கருவளையம் பலருக்குப் பரம்பரையாகவே வரும், அதை நம்பாதீர்கள். தாடியையும் நம்ப முடியாது. வெளியே தெரியக்கூடாது என்று தினமும் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறவர்தான் அதிகம். காலர் பொத்தானைப் போட்ட பிறகும் கழுத்தைச் சுற்றி இடம் இருக்கும், அவ்வளவுதான்.

யார் பார்க்கிறார்கள் என்பதிலும் தப்பு நடக்கிறது. தினமும் கூட இருக்கும் மனைவிக்கு இளைப்பு சட்டென்று தெரியாது. தட்டில் மிஞ்சும் சோறு தெரியும். உடம்பைக் கவனிப்பவர், நாலு மாதம் கழித்து ஊரிலிருந்து வருகிறவர். "என்னண்ணே, பாதியாயிட்டீங்க?" என்பார் அவர். இவர் மோதிர விரலை மடக்கிக்கொண்டு, "கொஞ்சம் சுகர் இருக்கு தம்பி" என்பார்.